தராசு சொல்லாத எடை

1995 ஜனவரியில், பிலிப்பைன்ஸின் மின்டோரோ தீவிலுள்ள சப்லயான் என்ற ஊரில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காகத் தராசில் ஏறினான். சண்டைக்கு 105 பவுண்டாவது தேறவேண்டும். அவன் உடம்பில் இருந்ததோ 98 பவுண்டு, அதாவது நாற்பத்து நான்கரைக் கிலோ. பைக்குள் கனமான பொருள்களைப் போட்டுக்கொண்டு எடையைச் சரிக்கட்டியதாக மேனி பாக்கியாவ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 2010 நவம்பரில், டெக்சஸ் மாநிலத்து ஆர்லிங்டன் நகரில், நாற்பதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கில், அதே ஆள் 180 சென்டிமீட்டர் உயரமுள்ள அன்டோனியோ மார்கரிட்டோவைப் பன்னிரண்டு சுற்றுகளும் அடித்து, 154 பவுண்டுப் பிரிவின் உலகப் பட்டத்தை எடுத்தார். பாக்கியாவின் உயரம் 166 சென்டிமீட்டர்.

அது அவருடைய எட்டாவது எடைப்பிரிவு. 112, 122, 126, 130, 135, 140, 147, 154 பவுண்டு என்று எட்டிலும் பட்டம் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். 126-லும் 140-லும் அவர் வென்றவற்றை, அந்தந்தப் பிரிவின் முதன்மை வீரரை வீழ்த்தியதற்காக ‘தி ரிங்’ இதழ் அளிக்கும் பட்டம் என்ற கணக்கில் சேர்க்கிறார்கள். அவற்றைக் கழித்துவிட்டாலும் மிச்சமிருப்பது ஆறு. கிலோவில் சொன்னால், 50.8-ல் தொடங்கி 69.9 வரை.

ஒரு மனித உடல் இப்படி ஏற முடியுமா? தசையைக் கூட்டிக் கூட்டி மேலே போனார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. ஊக்கமருந்தாக இருக்குமோ என்ற பேச்சும் எழுந்தது. அதற்காக பாக்கியாவ் 2009-ல் குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதர் தரப்பின்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். 2012-ல் அது சமரசத்தில் முடிந்தது. அவர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. என் பார்வையில், இந்தப் புதிரின் பெரும்பகுதியை அவிழ்க்க மருந்தும் வேண்டாம், அதிசயமும் வேண்டாம். தண்ணீர் போதும். சண்டைக்கு முந்தைய நாள் தராசு காட்டும் எண்ணுக்கும் மறுநாள் இரவு மேடையில் நிற்கும் உடலுக்கும் இடையே என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும்.

முதலில், எடைப்பிரிவு என்ற ஒன்று ஏன் தேவைப்படுகிறது? 1909-ல் லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டுப் பிரிவுகளை வகுத்து உறுதிசெய்தது. இன்று அந்த எண்ணிக்கை இரட்டிப்பையும் தாண்டிவிட்டது. கூடியதற்குப் பட்ட வியாபாரமும் காரணம்தான், ஆனால் அடிப்படையில் இருப்பது இயற்பியல்.

ஒரே அச்சில் வார்த்த, ஆனால் வெவ்வேறு அளவுள்ள இரண்டு மனிதர்களை எடுத்துக்கொள்வோம். எடை கன அளவைப் பொறுத்தது. நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். தசையின் வலுவோ அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. நீளம் இரண்டு மடங்கானால் வலு நான்கு மடங்குதான் ஆகும். ஆகவே உடல் பெருக்கப் பெருக்க, வலு கூடும், ஆனால் எடை கூடும் வேகத்தில் கூடாது. 112 பவுண்டிலிருந்து 154 பவுண்டு என்பது முப்பத்தேழரை விழுக்காடு எடைக் கூடுதல். இதே கணக்கில் வலு சுமார் 24 விழுக்காடுதான் கூடும். பெரியவர் தன் உடலைத் தானே தூக்கி நகர்த்துவதில் சிறியவரைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பின்தங்கியிருப்பார்.

பளுதூக்கும் மேடையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் துருக்கியின் நயீம் சுலைமானோக்லு, 60 கிலோப் பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். தன் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஜார்ஜியாவின் லாஷா தலகாட்சே 2021-ல் தூக்கியது 267 கிலோ, உலகச் சாதனை. ஆனால் 170 கிலோவைத் தாண்டிய அந்த உடலுக்கு அது ஒன்றரை மடங்கு சொச்சம்தான். சின்ன உடல் வேகமானது, தன் அளவுக்கு வலுவானது. ஆனால் குத்துச்சண்டையில் குத்து வாங்குபவருக்கு விகிதம் முக்கியமில்லை. எத்தனை நியூட்டன் விசை வந்து இறங்குகிறது என்பதே கணக்கு.

அதையும் அளந்திருக்கிறார்கள். 1985-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவை, ஊசலாகத் தொங்கவிட்ட ஓர் இலக்கில் குத்தச் சொன்னார்கள். முட்டி நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் வந்தது. விசை 4,000 நியூட்டனைத் தாண்டியது. 2005-ல் வெளியான இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. வெவ்வேறு எடைப்பிரிவுகளைச் சேர்ந்த ஏழு ஒலிம்பிக் வீரர்கள், கார் விபத்துச் சோதனைகளில் பயன்படும் பொம்மையின் முகத்தில் குத்தினார்கள். சராசரி விசை 3,427 நியூட்டன், சராசரி வேகம் நொடிக்கு 9.14 மீட்டர். எடை கூடிய வீரர்களின் குத்து கனமாக இருந்தது. ஆனால் அவர்கள் கை வேகமாக வந்ததால் அல்ல. குத்தோடு சேர்ந்து வந்த நிறைதான் முதன்மைக் காரணம். ஆய்வாளர்கள் இதைச் செயல்படும் நிறை என்கிறார்கள். மோதும் அந்தச் சில மில்லி நொடிகளில் முட்டிக்குப் பின்னால் உடலின் எவ்வளவு பகுதி இறுகிச் சேர்ந்திருக்கிறதோ, அதுவே அந்த நிறை. ஏழு பேருக்கும் சேர்த்து அதன் சராசரி 2.9 கிலோ, ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம்.

சின்ன உடல்காரருக்கு ஒரு வாசல் இருக்கிறதென்றால் அது இங்கேதான். வேகத்தில் அவர் குறைந்தவரில்லை. செயல்படும் நிறையை நுட்பத்தால் கூட்டிக்கொள்ள முடிந்தால், தன் எடைக்கு மீறிய குத்தை அவர் இறக்கலாம். குத்து தோளில் பிறப்பதில்லை, தரையில் பிறக்கிறது. தேர்ந்த வீரர்களின் குத்தில் கால்களின் பங்கு கிட்டத்தட்ட 38 விழுக்காடு, இடுப்பு முதல் நெஞ்சு வரையிலான நடுவுடலின் பங்கு 37, கையின் பங்கு 24 என்று 1980-களில் சோவியத் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கற்றுக்குட்டிகளிடம் கால்களின் பங்கு 17 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பாக்கியாவின் பழைய படங்களைப் பார்ப்பவர்கள் அவருடைய தோளைக் கவனிப்பார்கள். கீழே பாருங்கள்: ஒல்லியான அந்த உடம்பில் கெண்டைக்கால் மட்டும் இரண்டு பிரிவு மேலேயுள்ள ஆளுடையதுபோல இருக்கும். இடது கையால் நேராகக் குத்தும்போது பின்னங்கால் தரையைத் தள்ள, இடுப்பு சுழல, உடல் முழுவதும் முன்னால் பாயும். சில நேரம் இரண்டு பாதங்களும் தரையைவிட்டு எழும்பிவிடும். பயிற்சியாளர்கள் பலர் அதைப் பிழை என்பார்கள். ஆனால் அந்தப் பாய்ச்சல்தான் ஐம்பது சொச்சம் கிலோ உடலின் பெரும்பங்கை முட்டிக்குப் பின்னால் கொண்டுவந்து சேர்த்தது.

வாங்கும் பக்கம் வேறு மாதிரி. உடல் பெருக்கும் அளவுக்கு மூளை பெருப்பதில்லை. 50 கிலோ வீரருக்கும் 100 கிலோ வீரருக்கும் மூளை ஏறத்தாழ ஒரு கிலோ முந்நூறு, நானூறு கிராம்தான். தாடையின் ஓரத்தில் குத்து விழுந்தால் தலை கழுத்தின்மேல் சுழலும். தயிர்ப் பானையைச் சட்டென்று திருப்பினால் பானை திரும்பிவிடும், தயிர் ஒரு கணம் பின்தங்கும். பானையின் சுவரை ஒட்டிய இடத்தில் விரிசல் விழும். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே நடப்பது இதுதான், அங்கே நீளும் சின்ன நரம்பிழைகளும் இரத்தக் குழாய்களும்தான் பாதிக்கப்படுகின்றன. மேல் பிரிவுகளுக்குப் போகப் போக முட்டியின் நிறை கூடுகிறது, காக்கவேண்டிய மூளை அப்படியே இருக்கிறது. ஹெவிவெயிட்டில் நாக்அவுட் அதிகம் நடப்பதன் காரணம் இந்தப் பொருத்தமின்மை. கீழேயிருந்து மேலே ஏறும் வீரர், தன் குத்து போதுமா என்பதைவிட, தன் கழுத்து தாங்குமா என்றுதான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி தண்ணீருக்கு வருவோம்.

70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ஏறத்தாழ 42 லிட்டர் நீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து, கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தன்னோடு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. எடை குறைக்கும் வீரர் முதலில் கைவைப்பது இதில். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு என்று மாவுப்பொருளை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கிவிடும். கொழுப்பு அதிகம் கரைந்திருக்காது. அடுத்தது உப்பு. உப்பைக் குறைத்தால் சிறுநீரகம் நீரை வெளியே விடும். கடைசி இருபத்து நான்கு மணி நேரம் நேரடியாக வியர்வை: நீராவி அறை, சூடான தொட்டி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உடையை மாட்டிக்கொண்டு ஓட்டம். கடைசி நூறு, இருநூறு கிராமுக்காக ஒரு போத்தலை வைத்துக்கொண்டு எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் உதடு வெடித்திருக்கும், கண் உள்ளே போயிருக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். இரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்கியிருப்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறையும், அதை ஈடுகட்டத் துடிப்பு எகிறும். வியர்வை வற்றுவதால் உடல் சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் போகும்.

தராசிலிருந்து இறங்கியதும் குடிக்கத் தொடங்குவார்கள். ஆனால் ஒரு மணி நேரத்தில் குடல் உறிஞ்சக்கூடிய நீருக்கு எல்லை உண்டு. குடலிலிருந்து இரத்தத்துக்கும் இரத்தத்திலிருந்து தசைச் செல்லுக்கும் நீர் போய்ச் சேர இன்னும் நேரம் ஆகும். நரம்பில் ஊசி வழியாக ஏற்றுவதும் முன்பு வழக்கம். இப்போது உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விதி, மருத்துவக் காரணம் இல்லாமல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறது. மண்டையோட்டுக்குள் மூளையைச் சுற்றியுள்ள நீர் பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் சண்டை வந்துவிடுகிறதோ என்ற கவலை மருத்துவர்கள் பலருக்கு உண்டு.

1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மன்சினியோடு மோதிய தென் கொரியாவின் கிம் டுக்-கூ மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். அதன் பிறகு பதினைந்து சுற்றுகள் பன்னிரண்டாகக் குறைந்தன. வீரர்கள் உடலில் நீரை மீட்டுக்கொள்ள அவகாசம் வேண்டும் என்று, சண்டை நாளன்று காலையில் நடந்துவந்த எடைப் பரிசோதனையும் அந்தப் பத்தாண்டில் முந்தைய நாளுக்கு மாறியது. நோக்கம் நல்லது. விளைவு நேர் எதிர். கையில் ஒரு நாள் முழுக்க இருக்கிறது என்றதும் வீரர்கள் இன்னும் கூடுதலாக வற்றத் தொடங்கினார்கள். வற்றி, கீழ்ப் பிரிவில் எடை காட்டி, மறுநாள் ஊதிப் பெருத்து, தன்னைவிட உண்மையிலேயே சின்னவரை அடிப்பது ஒரு உத்தியாகவே ஆனது. 1997-ல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், சுமார் ஒரு மாத இடைவெளிக்குள், எடை குறைக்கும் முயற்சியிலேயே உயிரிழந்தார்கள். அதன் பிறகு அங்கே சிறுநீரின் அடர்த்தியைச் சோதித்து, வற்றிய உடலோடு வருபவர்களைத் தடுக்கும் விதி வந்தது. எடைப் பரிசோதனையைப் போட்டிக்கு மிக அருகில் நகர்த்தினார்கள். தொழில்முறைக் குத்துச்சண்டையில் பெரும்பாலும் இன்னும் பழைய கதைதான். பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஐபிஎஃப் மட்டும் பட்டச் சண்டைகளில் மறுநாள் காலையில் இரண்டாம் முறை எடை பார்த்து, எல்லையைவிட 10 பவுண்டுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது என்று விதித்திருக்கிறது. எல்லா அமைப்புகளும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். கடைப்பிடிக்காமல் இருக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இந்த வெளிச்சத்தில் பாக்கியாவின் ஏற்றத்தைத் திரும்பப் பார்க்கலாம்.

அவர் 1978 டிசம்பரில் மிண்டனாவோ தீவின் கிபாவே என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது ஜெனரல் சாண்டோஸ் நகரில், வறுமையில். பதின்ம வயதில் மணிலாவுக்குப் போய்த் தெருவில் படுத்துறங்கிய காலமும் உண்டு. சத்துக்குறைவோடு வளரும் பையன்களுக்குப் பருவ வளர்ச்சி தள்ளிப்போகும்; சோறு சரியாகக் கிடைக்கத் தொடங்கினால், மற்றவர்களுக்கு நின்றுவிட்ட வயதிலும் அது தொடரும். பதினாறு வயதில் 98 பவுண்டு என்பது அவருடைய இயல்பான எடை அல்ல, பசியின் எடை. 1996 பிப்ரவரியில் அவர் எடை வரம்பைத் தாண்டிப் போனார். அதற்குத் தண்டனையாக எதிராளியைவிடக் கனமான கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கி, ரஸ்டிகோ டோரெகாம்போவிடம் மூன்றாவது சுற்றில் நாக்அவுட் ஆனார். வாழ்க்கையின் முதல் தோல்வி அது. உடல் வளர்ந்துகொண்டே இருந்தது, அவரோ அதைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தார்.

1998 டிசம்பரில் தாய்லாந்தில் சட்சாய் சசகுலை எட்டாவது சுற்றில் வீழ்த்தி 112 பவுண்டுப் பட்டம் எடுத்தார். மறு ஆண்டு செப்டம்பரில் அதே தாய்லாந்தில், மெட்கோன் சிங்சுரத்தோடு மோத வேண்டிய நாளில், 112-க்கு இறங்க முடியவில்லை. பட்டம் தராசிலேயே பறிபோனது. வற்றிய உடலோடு மேடையேறியவர், வயிற்றுப் பகுதியில் வாங்கிய குத்தில் மூன்றாவது சுற்றில் விழுந்தார். உடலில் நீர் குறைந்தவரின் விலாவும் வயிறும்தான் முதலில் கைவிடும் என்று குத்துச்சண்டைக் கூடங்களில் சொல்வார்கள்.

அடுத்து நடந்ததுதான் என் வாதத்தின் அச்சாணி. 115 பவுண்டுப் பிரிவையும் 118 பவுண்டுப் பிரிவையும் தொடாமலே தாண்டி, டிசம்பரில் 122 பவுண்டில் இறங்கி வென்றார். மூன்று மாதத்தில் பத்து பவுண்டு. அவ்வளவு தசையை மூன்று மாதத்தில் யாராலும் கட்ட முடியாது. அந்தப் பத்து பவுண்டு புதிதாக வந்ததில்லை; ஏற்கெனவே இருந்த உடலை, தராசுக்கு முந்தைய வாரங்களில் அவர் வற்றவைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அதை நிறுத்தியதும் அது வெளியே தெரிந்தது. 2001 ஜூனில், இரண்டே வார அவகாசத்தில் கிடைத்த வாய்ப்பில், லாஸ் வேகாஸில் தென் ஆப்பிரிக்காவின் லெலோ லெட்வாபாவை ஆறாவது சுற்றில் நிறுத்தினார். ஹாலிவுட்டிலுள்ள வைல்ட் கார்டு கூடத்தின் ஃப்ரெடி ரோச் அப்போதுதான் அவருக்குப் பயிற்சியாளராகியிருந்தார். 2003 நவம்பரில் சான் அன்டோனியோவில் மார்கோ அன்டோனியோ பரேராவை 126-ல் வீழ்த்தினார்; 2008 மார்ச்சில் 130-ல் ஹுவான் மானுவல் மார்க்கேஸை மயிரிழையில் வென்றார்; ஜூனில் டேவிட் டயஸை ஒன்பதாவது சுற்றில் சாய்த்து 135-ஐ எடுத்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 6, ஆஸ்கர் டி லா ஹோயா. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் தங்கப் பதக்கக்காரர். 160 பவுண்டு வரை போய்ப் பட்டம் வென்றவர். பாக்கியாவைவிட ஒரு கைப்பிடி உயரம் கூடியவர். சண்டை 147 பவுண்டில். பாக்கியாவுக்குக் கேடு வந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டு எழுதியவர்கள் பலர். எடைப் பரிசோதனையில் டி லா ஹோயா 145, பாக்கியாவ் 142. மறுநாள் இரவு மேடையேறும் முன் பார்த்த எடை அன்றைய செய்திகளில் வந்தது: டி லா ஹோயா 147, பாக்கியாவ் 148.5. பெரியவர் என்று எல்லோரும் அஞ்சிய ஆள் சின்னவரைவிட ஒன்றரைப் பவுண்டு குறைவு! டி லா ஹோயா 147-ல் சண்டையிட்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. முப்பத்தைந்து வயது உடலைப் பழைய எடைக்கு இழுத்து வந்ததில், ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டும் குடித்தும் அவரால் இரண்டு பவுண்டுக்கு மேல் மீட்க முடியவில்லை. எட்டாவது சுற்று முடிந்து முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எதிர்மூலையில் இருந்தவர் வெல்டர்வெயிட் என்னும் 147 பவுண்டுச் சண்டைகளின் எடைப் பரிசோதனைக்குக் காலை உணவைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் என்று பேர் வாங்கினார். பதினாறு வயதில் எடை காட்டப் பையில் கனம் போட்ட அதே ஆள், முப்பது வயதில் எடையைத் தக்கவைக்க வேளைக்கு வேளை தட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். எதிராளிகள் வற்றி வந்தார்கள், அவர் வற்றவில்லை. இந்த வித்தியாசம் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இது அவருடைய சாதனையைக் குறைத்துச் சொல்வதாகாது. மார்கரிட்டோ சண்டையின் எண்கள் அதற்குச் சாட்சி. 154 பவுண்டுப் பட்டமாக இருந்தாலும், இருவரும் 150-க்குள் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். மார்கரிட்டோ 150 காட்டினார், பாக்கியாவ் 144.6. மறுநாள் இரவு மார்கரிட்டோ 165, பாக்கியாவ் 148. பதினேழு பவுண்டு வித்தியாசம். 130-க்கும் 147-க்கும் இடையிலுள்ள தூரம். இம்முறை தராசு சின்னவருக்கு எதிராகப் பொய் சொல்லியிருந்தது. ஆறாவது சுற்றில் விலாவில் இறங்கிய குத்தில் பாக்கியாவ் நிலைகுலைந்ததை மறைக்க முடியவில்லை. ஆனாலும் பன்னிரண்டு சுற்றுகளும் அவர் ஒரே இடத்தில் நிற்கவில்லை. உள்ளே புகுவார், நான்கைந்து குத்துகளை அடுக்குவார், மார்கரிட்டோவின் கை திரும்பி வருவதற்குள் வேறு கோணத்தில் நிற்பார். மார்கரிட்டோவின் வலது கண்குழி எலும்பு உடைந்தது. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. சின்ன உடல் தன்னைத் தானே விரைவாக நகர்த்த வல்லது என்று முன்பு போட்ட கணக்கின் முழு அர்த்தத்தையும் அந்த இரவில் பார்க்கலாம்.

இருந்தும் ஒரு விலை இருந்தது. 2008 ஜூன் முதல் 2009 நவம்பர் வரை டயஸ், டி லா ஹோயா, ரிக்கி ஹாட்டன், மிகெல் கோட்டோ என்று நான்கு பேரையும் தொடர்ந்து முடிவுச் சுற்றுக்கு முன்போ இடையிலோ நிறுத்தியவர், அதற்கடுத்து யாரையும் நிறுத்த ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2018 ஜூலையில் கோலாலம்பூரில் லூகாஸ் மத்தீஸைத்தான் அப்படி முடிக்க முடிந்தது. வயதும் ஒரு காரணம். ஆனால் செயல்படும் நிறையை நுட்பத்தால் கூட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. 147-ல் இயல்பாகவே நிற்கும் கழுத்தையும் தோளையும் அந்த எல்லைக்கு மேல் அசைக்க முடிவதில்லை. வேகம் அவருக்குச் சுற்றுகளை வென்று கொடுத்தது, நாக்அவுட்டைக் கொடுக்கவில்லை.

சின்ன உடல் மேலே ஏறியதற்கு இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. 1938-ல் அமெரிக்க வீரர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங், 126 பவுண்டு ஃபெதர்வெயிட் பட்டம் கையிலிருக்கும்போதே வெல்டர்வெயிட் பட்டத்தை பார்னி ராஸிடமிருந்தும், பிறகு லைட்வெயிட் பட்டத்தை லூ ஆம்பர்ஸிடமிருந்தும் எடுத்தார். ராஸோடு மோதியபோது அவருடைய எடை லைட்வெயிட் எல்லையான 135-ஐக்கூடத் தொடவில்லை. அன்று பிரிவுகள் எட்டுதான், பட்டத்துக்கு அமைப்பும் பல இல்லை. மூன்றை ஒரே நேரத்தில் வைத்திருந்தது இன்றைய எட்டுக்குச் சளைத்ததில்லை என்றே நினைக்கிறேன். 1940-ல் அவர் நான்காவதாக 160 பவுண்டு மிடில்வெயிட்டையும் முயன்றார். சண்டை சமனில் முடிந்தது. எதிரே நின்றவர் செஃபெரினோ கார்சியா, பிலிப்பைன்ஸ்காரர்.

மேலே ஏறுவது கடினம். ஏறியபின் இறங்குவது அதைவிடக் கடினம். 160-ல் முதல் பட்டம் வென்ற ராய் ஜோன்ஸ், 2003 மார்ச்சில் 193 பவுண்டோடு ஹெவிவெயிட்டில் இறங்கி, தன்னைவிட முப்பது பவுண்டுக்கு மேல் கூடிய ஜான் ரூயிஸைப் புள்ளிகளில் வென்றார். எட்டே மாதத்தில், நவம்பரில், பழைய 175-க்குத் திரும்பி அன்டோனியோ டார்வரோடு மோதினார். வென்றார், ஆனால் பழைய ஜோன்ஸ் மேடையில் இல்லை. 2004 மேயில் அதே டார்வர் அவரை இரண்டாவது சுற்றில் வீழ்த்தினார். நீரை இரண்டு நாளில் இறக்கலாம். கட்டிய தசையை இறக்க வேண்டுமானால், பட்டினி போட்டு உடலே தன் தசையைத் தின்னும்படி விட வேண்டும். அப்போது கால்களின் வேகமும் சேர்ந்து போகும்.

நம் நாட்டில் இந்தக் கணக்கின் இரண்டு முனைகளையும் பார்த்துவிட்டோம். மேரி கோம் உலகப் பட்டங்களை 45, 46, 48 கிலோப் பிரிவுகளில் வென்றவர். 2012 லண்டனில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறை ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது 51, 60, 75 கிலோ என மூன்றே பிரிவுகள் வைத்தார்கள். அவர் 51-க்கு ஏற வேண்டியதாயிற்று. மேலேயிருந்து வற்றி இறங்கி வந்தவர்களை எதிர்த்து நின்று வெண்கலம் வென்றார். 2024 பாரிஸில் வினேஷ் போகாட்டுக்கு நேர்ந்தது மறுமுனை. 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டி நாளன்று காலையில் 100 கிராம் கூடுதல். இரவு முழுக்க உழைத்தும், தலைமுடியை வெட்டியும் அந்த 100 கிராம் போகவில்லை. மல்யுத்தத்தில் இறுதிநாள் காலையிலும் எடை பார்க்கும் விதியை அன்று பலர் சபித்தார்கள். எனக்கு அந்த விதிமேல் கோபமில்லை. தன் இயல்பான எடையைவிட இவ்வளவு கீழே வந்து ஆடவேண்டிய நிலைக்கு அவரைப் போன்றவர்களைத் தள்ளும் பிரிவுப் பங்கீட்டின்மேல்தான் கோபம்.

பாக்கியாவ் 154 பவுண்டுப் பட்டத்தை ஒருமுறைகூடத் தற்காக்கவில்லை. 2011 தொடக்கத்தில் அதை விட்டுவிட்டார். பிறகு 147-ஐத் தாண்டவே இல்லை. 2011-ல் ஷேன் மோஸ்லி, 2015-ல் மேவெதர், 2019-ல் நாற்பது வயதில் கீத் தர்மன், 2021-ல் யோர்டெனிஸ் உகாஸ், எல்லாம் அந்த எல்லைக்குள். 1998-க்கும் 2010-க்கும் இடையே பட்டத்தின் எல்லை நாற்பத்திரண்டு பவுண்டு ஏறியது. அதன் பிறகு பதினைந்து ஆண்டுகளில் அது மேலே நகரவே இல்லை. வளர்ச்சி முடிந்து, வற்றவைப்பதும் நின்ற உடல், தன் இடத்தில் நின்றுகொண்டது. 2025 ஜூலையில், நாற்பத்தாறு வயதில், தன்னைவிடப் பதினாறு ஆண்டு இளைய, ஆறடி உயர மரியோ பாரியோஸோடு அதே 147 பவுண்டில் மோதினார். நடுவர்களில் ஒருவர் பாரியோஸுக்கு 115-113 கொடுத்தார். மற்ற இருவரும் 114-114 என்று எழுதினார்கள், சண்டை சமனில் முடிந்தது.